ஜெரில் லின்னின் தொண்டையிலிருந்து

எனக்குக் கன்னம் வீங்கியபோது பாட்டி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள். உடம்பு பொன் கேட்கிறது, அதனால்தான் வீங்குகிறது என்றாள். பொன்னுக்கு வீங்கி என்றுதானே அதற்குப் பெயர்! ஒரு வாரத்தில் வீக்கம் வற்றியது. பாட்டிக்குப் பெருமை. சங்கிலி போடாத பிள்ளைக்கும் அதே ஒரு வாரத்தில் வற்றியிருக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இது வைரஸ் தரும் நோய். இருமலிலும் தும்மலிலும் தெறிக்கும் துளிகளோடு மூக்குக்குள் போய், அங்கே பெருகி, கழுத்து நிணநீர்க் கணுக்கள் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. பதினாறு பதினெட்டு நாள் வரை பிள்ளை நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருக்கும். அப்புறம் காய்ச்சல், காதுக்கு முன்னாலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பி புடைத்துக்கொள்ளும், புளிப்பு நாக்கில் பட்டால் சுரீரென்று வலிக்கும். வீக்கம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே அது பக்கத்துப் பிள்ளைக்கும் தொற்ற ஆரம்பித்துவிடுகிறது. பெரும்பாலும் தானாக அடங்கும். ஆனால் சிலருக்கு மூளையுறை அழற்சி வரும், மிக அரிதாக ஒரு காது நிரந்தரமாகக் கேட்காமல் போகும். பருவம் வந்த ஆண்களுக்கு விதைப்பையிலும் வீக்கம் இறங்குவதுண்டு.

இதற்கான தடுப்பூசி ஒரு வீட்டில், ஒரு தகப்பனின் கையில் தொடங்கியது. 1963 மார்ச் மாதம், அமெரிக்காவின் பிலடெல்பியா. நடுநிசி கடந்த நேரத்தில் ஐந்து வயது ஜெரில் லின் தொண்டை வலிக்கிறது என்று அப்பாவை எழுப்பினாள். அப்பா மாரிஸ் ஹில்மன், மெர்க் நிறுவனத்தின் தடுப்பூசி ஆராய்ச்சியாளர். தாடையைத் தொட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. மகளைப் படுக்க வைத்துவிட்டு, ஆய்வுக்கூடத்துக்குக் காரை ஓட்டிப் போய்ப் பஞ்சுக்குச்சி எடுத்து வந்து, அவள் தொண்டையைத் துடைத்து, அந்த மாதிரியைத் திரும்பக் கொண்டுபோய் உறைபெட்டியில் வைத்தார். விடிந்தால் தென் அமெரிக்கப் பயணம். அதற்குள் செய்தாக வேண்டியிருந்தது.

திரும்பி வந்ததும் அந்த வைரஸைக் கரு வளரும் கோழிமுட்டையில் செலுத்தினார். அதில் பெருகியதை எடுத்து அடுத்த முட்டைக்கு, பிறகு கோழிக்கருவின் உயிரணுக்களுக்கு என்று மாற்றி மாற்றி வளர்த்தார். கோழியின் உயிரணுக்களுக்குப் பழகப் பழக, மனித உடம்பை நோகடிக்கும் வலு அதற்குக் குறைந்தது. இதில்தான் எனக்குப் பெரும் வியப்பு. வலு கூடினால் ஊசியே நோயாகும். ஒரேயடியாகக் குறைந்தால் உடம்பு அதைப் பகையென்று கண்டுகொள்ளாது. அந்த நடுப்பதத்தைப் பிடித்தார் ஹில்மன். அமெரிக்காவின் மான்டானா மாநிலத்துப் பண்ணையில் கோழிகளோடு வளர்ந்த பிள்ளை அவர்.

அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட குழந்தைகளில் ஜெரிலின் தங்கை கர்ஸ்டனும் ஒருத்தி. அக்காவின் உடம்பில் இருந்து எடுத்தது தங்கையைக் காத்தது. 1967-இல் அனுமதி கிடைத்தது. 1971-இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசிகளோடு சேர்ந்து எம்.எம்.ஆர். ஆனது. ஜெரில் லின் என்ற பெயரிலேயே அந்த வைரஸ் வகை இன்றும் தடுப்பூசியில் இருக்கிறது.

நம் நாட்டு அரசுத் திட்டத்தில் இலவசமாகப் போடுவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான எம்.ஆர். ஊசி, பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து அதில் இல்லை. தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்தால் எம்.எம்.ஆர். கிடைக்கும். கூலி வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் அது கிடைக்க வேண்டும். அந்த இன்னொரு எழுத்தையும் அரசு சேர்க்கட்டும்.