கரிசலில் புத்தகம் கைமாறிய கதை

நம் இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் எழுதியவர்களின் வரலாறுகளாகவே இருக்கின்றன. இன்னார் இன்ன ஆண்டில் இன்ன நூலை எழுதினார் என்பது பட்டியலாகக் கிடைக்கிறது. எழுதுவதற்கு முன் அவர் எதை வாசித்தார், அந்த நூலை அவர் கையில் கொடுத்தது யார், வாசித்த மகிழ்ச்சியை அவர் யாரிடம் போய்ச் சொன்னார் என்பவற்றுக்கு அப்பட்டியலில் இடமில்லை. கோவில்பட்டியையும் அதைச் சூழ்ந்த கரிசல் காட்டையும் பற்றிப் பேச வரும்போது இக்கேள்விகளைத் தவிர்க்க இயலாது என்பது நம் எண்ணம்.

வானம் பார்த்த பூமி இது. பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மழையை நம்பி விளைபவை. மழை பொய்த்தவர்களுக்குத் தீப்பெட்டித் தொழிலும் பஞ்சாலையும் கஞ்சி வார்த்தன. பல்கலைக்கழகமோ பெரும் பதிப்பகமோ இங்கு இருந்ததில்லை. ஆயினும் சாகித்திய அகாதெமி விருது இவ்வட்டாரத்தவருக்கு நான்கு முறை வந்திருக்கிறது: 1970இல் கு. அழகிரிசாமி, 1991இல் கி. ராஜநாராயணன், 2014இல் பூமணி, 2019இல் சோ. தர்மன். விருதைத் தரத்தின் அளவுகோலாக நாம் கொள்ளவில்லை. ஆனால் நால்வரில் இருவர் ஒரே கிராமத்தில், கோவில்பட்டிக்குத் தெற்கே உள்ள இடைசெவலில், அடுத்தடுத்த காலத்தில் பிறந்த நண்பர்கள் என்பது தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடியதன்று.

அந்த நட்பிலிருந்தே தொடங்கலாம். இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். சேர்ந்து சங்கீதம் கேட்டார்கள். விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் அவர்களுடைய ரசனைப் பயிற்சியின் பகுதி. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரிடம் இருவருக்கும் ஈடுபாடு இருந்தது. திருநெல்வேலியில் டி.கே.சி.யின் வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’ தமிழில் ஒரு புது வழக்கத்தைத் தொடங்கி வைத்தது. ஒரு கம்பன் பாடலை எடுத்துக்கொண்டு, இலக்கணக் குறிப்புகளை ஓரமாக வைத்துவிட்டு, அதை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அனுபவிப்பதும், தான் அனுபவித்ததை அடுத்தவருக்குக் கடத்துவதுமே அந்த வழக்கம். புலமை என்பது ஒருவர் தமக்குள் சேர்த்து வைப்பது. ரசனையோ பகிர்ந்தால்தான் நிறைவடைவது. இந்த வேறுபாட்டை இடைசெவல் நண்பர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள்.

1940களில் அழகிரிசாமி சென்னைக்குப் போனார். வை. கோவிந்தனின் ‘சக்தி’யில் தொ.மு.சி. ரகுநாதனுடன் பணிபுரிந்தார். கார்க்கியை மொழிபெயர்த்தார். 1950களில் மலாயா சென்று ‘தமிழ் நேச’னில் வேலை பார்த்தார். ஊரைவிட்டுப் போனபின் நண்பர்களிடையே புத்தகப் பேச்சு தபாலில் நடந்தது. அழகிரிசாமி எழுதிய கடிதங்களைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்து, பின்னாளில் நூலாக வெளிவரச் செய்தார். வீட்டுச் செய்தியும் உடல்நலமும் சங்கீதமும் இலக்கியமும் அவற்றில் ஒன்றோடொன்று கலந்தே வருகின்றன. புத்தகம் அவர்களுடைய அன்றாட வாழ்க்கையிலிருந்து தனியே பிரித்து வைக்கப்பட்ட பொருளாக இருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கழுகுமலை முருகன் மீது சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச் சிந்து அழகிரிசாமியின் ஆய்வுப்பொருளானதும் இப்படித்தான். ஊர்க்காற்றில் கேட்ட பாட்டு அச்சுக்கு வந்து சேர்ந்தது.

அழகிரிசாமியின் புகழ்பெற்ற ‘அன்பளிப்பு’ கதையையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். புத்தகங்களுக்காகக் குழந்தைகள் வந்துபோகும் ஒரு வீடு. கதைசொல்லி இரண்டு குழந்தைகளுக்கு டைரி தருகிறார். சாரங்கன் என்ற சிறுவனுக்குத் தரவில்லை. அச்சிறுவன் தானே ஒரு டைரியை வாங்கி வைத்துக்கொண்டு, அவரை வீட்டுக்கு அழைத்து, அன்பளிப்பாக அவரே தந்ததுபோல் எழுதித் தரச் செய்கிறான். குழந்தை மனத்தைப் பற்றிய கதையாகவே இது வழக்கமாகப் பேசப்படுகிறது. நாம் வேறொன்றையும் காண்கிறோம். ஒருவர் நமக்கென்று நினைத்துக் கையில் தரும் ஏட்டுக்கு, கடையில் வாங்கிய ஏட்டுக்கு இல்லாத ஒரு மதிப்பு உண்டு. கரிசலின் வாசிப்பு வரலாறு முழுவதற்கும் இக்கதையை முன்னுரையாக வைத்துவிடலாம்.

அடுத்த தலைமுறைக்குப் புத்தகம் வேறொரு வழியாகவும் வந்தது. 1951இல் தொடங்கப்பட்ட நியூ செஞ்சுரி புக் ஹவுஸ், மாஸ்கோவில் அச்சான தமிழ் மொழிபெயர்ப்புகளை மிகக் குறைந்த விலைக்கு ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது. டால்ஸ்டாய், தஸ்தயேவ்ஸ்கி, செகாவ், ஐத்மாத்தவ் ஆகியோர் கரிசல் இளைஞர்களின் வீட்டுக்கு இப்படித்தான் வந்தார்கள். கிர்கீசியப் புல்வெளியில் நடக்கும் ஐத்மாத்தவின் கதைகள் கம்மங்காட்டு வாசகருக்கு அந்நியமாகப்படவில்லை. நிலத்தோடு மல்லுக்கட்டும் எளிய மனிதர்களைப் பேரிலக்கியத்தின் நாயகர்களாக வைக்கலாம் என்ற துணிச்சலை, கி.ரா.வின் எழுத்தோடு சேர்ந்து, இந்நூல்களும் தந்திருக்க வேண்டும். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அவ்வரத்து நின்றுபோயிற்று.

1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் கோவில்பட்டியில் நடந்ததைத் தமிழ்ச்செல்வன், உதயசங்கர் முதலியோர் தம் கட்டுரைகளில் எழுதியிருக்கிறார்கள். மாலை மயங்கியபின் காந்தி மைதானத்தில் நண்பர்கள் கூடுவார்கள். தேவதச்சன், கௌரிஷங்கர், சமயவேல், தமிழ்ச்செல்வன், கோணங்கி, உதயசங்கர், அப்பாஸ், நாறும்பூநாதன் என்று அந்த வட்டம் விரிந்தது. நகைக்கடைக்காரர், தபால் துறை ஊழியர், ரயில்வே ஊழியர், வங்கி ஊழியர், வேலை தேடிக்கொண்டிருந்தவர் எனப் பலரும் அதில் உண்டு. வாசித்த கதை, வந்திறங்கிய சிறுபத்திரிகை, மார்க்சியம், தத்துவம் எல்லாம் நள்ளிரவு தாண்டியும் அலசப்பட்டன. தேவதச்சனின் கடையே பகல்நேர வாசகசாலைபோல் இருந்தது. தலைவரில்லை, தீர்மானமில்லை, வருகைப் பதிவேடுமில்லை.

புத்தகம் அரிதாக இருந்ததே இந்தப் பேச்சை வளர்த்தது என்று நமக்குத் தோன்றுகிறது. ஒரே பிரதி பலர் கைக்குப் போக வேண்டும். விரைவில் திருப்பித் தர வேண்டும் என்பதால் கூர்ந்து வாசிக்க வேண்டும். கொடுத்தவர் அபிப்பிராயம் கேட்பார் என்பதால் சொல்வதற்கு ஏதேனும் இருக்க வேண்டும். இவ்வாறு இரவல் புத்தகம் வாசகனை விமர்சகனாக்கியது. அவர்களுள் சிலரை எழுத்தாளர்களாகவும் ஆக்கியது. கோணங்கியின் ‘கல்குதிரை’ தஸ்தயேவ்ஸ்கிக்கும் மார்க்வெஸுக்கும் சிறப்பிதழ்கள் கொண்டுவந்ததை இந்த நீண்ட உரையாடலின் தொடர்ச்சியாகவே காண வேண்டும். நல்ல நூலைத் தான் மட்டும் வாசித்து மூடிவைக்க மாட்டாத மனத்தின் வேலை அது. பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்த சோ. தர்மன் ‘தூர்வை’ எழுதியதும் வாசிப்பு மதிக்கப்பட்ட இந்தச் சூழலில்தான்.

எனினும் இவ்வரலாற்றைப் புகழ்ந்துமட்டும் முடித்துவிட இயலாது. மேலே வந்த பெயர்களை ஒருமுறை திரும்பப் பார்த்தால் போதும். அவற்றில் ஒரு பெண்கூட இல்லை. இரவு மைதானத்தில் உட்கார்ந்து பேசும் உரிமை ஆண்களுக்கு இருந்தது. அதே நேரத்தில் இவ்வட்டாரத்தின் சிறுமிகள் பலர் தீப்பெட்டி ஆலைகளில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடமே எட்டாதவர்களுக்கு இரவல் புத்தகம் எங்கே எட்டும்?

1990களின் அறிவொளி இயக்கம் இக்குறையை ஓரளவு தொட்டது. நெல்லைப் பகுதியில் அவ்வியக்கத்தில் முன்னின்று உழைத்த தமிழ்ச்செல்வன், அந்த அனுபவத்தை ‘இருளும் ஒளியும்’ நூலில் பதிவு செய்திருக்கிறார். புதிதாக எழுத்தறிந்தவர்களுக்காகக் கதைகள் சிறு நூல்களாக அச்சிடப்பட்டன. கற்க வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மைதானத்தில் சிலருக்கே உரியதாயிருந்த வாசிப்பின் பகிர்வு, தெருவிளக்கடிக்கு வந்து சேர்ந்தது. இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இவ்விரண்டையும் தனித்தனி அத்தியாயங்களாக வைப்பார்கள்; சேர்த்து வைப்பதே சரியென்போம். முந்தையதன் நியாயத்தைப் பிந்தையதுதான் முழுமைப்படுத்தியது.

கி.ரா. 2021இல் மறைந்தார். 2022இல் கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கம் திறக்கப்பட்டது. நூல்களும் விருதுகளும் இனி அழியாமல் காக்கப்படும். ஆனால் பேச்சை எந்த அரங்கில் வைப்பது? அழகிரிசாமியின் கடிதங்கள் நமக்குக் கிடைத்தது, ஒரு நண்பர் அவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால். காந்தி மைதானத்து இரவுகள் சில கட்டுரைகளில் மட்டும் எஞ்சியிருக்கின்றன. தெருவிளக்கடியில் முதன்முதலாகக் கதை வாசித்த பெண்கள் என்ன சொன்னார்கள் என்பதில் பதிவானது சொற்பமே. அவர்களில் பலர் இன்று முதியவர்கள்.

ஆகவே வாசக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் புத்தகத்தை யார் உங்களுக்குத் தந்தார், அதைப் பற்றி என்ன பேசிக்கொண்டீர்கள் என்பதை எழுதி வையுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முதலில் வாசித்த கதை எதுவென்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதியவர்களின் வரலாறு ஏற்கெனவே இருக்கிறது. வாசித்தவர்களின் வரலாற்றை வாசிப்பவர்கள்தாம் எழுத வேண்டும்.