‘உடனே’ என்றால் எப்போது?

காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கிறீர்கள். நேற்று ராத்திரி வாசலில் நிறுத்திய கார் இல்லை. கீழே கொஞ்சம் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. மைத்துனர் எடுத்துக்கொண்டு போயிருப்பாரோ, பக்கத்துத் தெருவில் விட்டோமோ என்று முதல் கால் மணி நேரம் குழம்புவீர்கள். அப்புறம் தெருவே கூடும். கூடுகிற கூட்டத்தில் ஒரு பெரியவர் நிச்சயம் சொல்வார்: “இன்ஷூரன்ஸ் இருக்குல்ல? பின்ன என்ன கவலை?”

கவலை அங்கேதான் ஆரம்பம். உங்கள் பாலிசியின் பின்பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், நிபந்தனை எண் 1 என்று ஒன்று இருக்கிறது. இழப்பு ஏற்பட்டால் கம்பெனிக்கு ‘உடனே’ எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். திருட்டு என்றால் போலீஸுக்கு ‘உடனே’ தெரிவிக்க வேண்டும் என்கிறது. உடனே என்றால்? ஒரு மணி நேரமா? ஒரு நாளா? ஒரு வாரமா? பாலிசியில் கிடையாது. இந்த ஒற்றை வார்த்தைக்கு அர்த்தம் தேடி நம் நாட்டில் கீழ் கோர்ட்டிலிருந்து சுப்ரீம் கோர்ட் வரை ஏறி இறங்கினார்கள். சிலருக்குக் காசு வந்தது. சிலருக்குக் காசும் போய், காரும் போய், பதினைந்து வருஷமும் போனது.

கார் பிறந்து அதிக நாள் ஆவதற்குள்ளேயே கார் திருடனும் பிறந்துவிட்டான். பதிவான முதல் கார் திருட்டு என்று வழக்கமாகச் சொல்லப்படுவது 1896-ம் வருஷம் பாரீஸில் நடந்தது. த ஸைலன் என்கிற பிரபுவின் பெஜோ கார். எடுத்தது யார் தெரியுமா? ஒரு மெக்கானிக்கேதான்! பக்கத்து ஊரில் காரோடு மாட்டிக்கொண்டான். அதற்குச் சில வருஷம் கழித்து, லண்டன் லாயிட்ஸில் முதல் மோட்டார் பாலிசி எழுதப்பட்டது. கப்பலுக்குப் பாலிசி எழுதிப் பழகிய கூட்டம் அது.

கப்பல் பரம்பரை என்பதை மறந்துவிடாதீர்கள். இன்றைக்கும் உங்கள் க்ளெய்ம் பேப்பரைப் பார்த்து அதிகாரி கேட்கும் பாதிக் கேள்விகள் அங்கிருந்து வந்தவைதான். அதில் ஒரு கதையில் நம்ம சென்னைக்கும் ஒரு மூலையில் இடம் உண்டு.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டார் அல்லவா? அந்தச் சண்டையில் பிரிட்டிஷாரிடம் சிக்கிய ஓர் அதிகாரி தெஸ்தேங் பிரபு. பிறகு விடுவிக்கப்பட்ட மனிதர் சும்மா இருக்கவில்லை. கப்பல்களைக் கூட்டிக்கொண்டு போய் 1760-ல் சுமத்ராவில் பிரிட்டிஷாரின் மார்ல்பரோ கோட்டையைப் பிடித்தார். அந்தக் கோட்டையின் கவர்னர் கார்ட்டர், ‘எதிரி பிடித்துவிட்டால் நஷ்ட ஈடு’ என்று லண்டனில் ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தார். பிடித்துவிட்டார்கள், பணத்தைக் கொடு என்றார். இன்ஷூரன்ஸ் எழுதிய போம் என்பவர் மறுத்தார். “கோட்டை பலவீனமாக இருந்ததை நீ என்னிடம் சொல்லவில்லை” என்றார்.

1766-ல் நீதிபதி மேன்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்ப்புச் சொன்னார். இன்ஷூரன்ஸ் என்பது பரஸ்பர நம்பிக்கை, முக்கியமான எதையும் மறைக்கக் கூடாது என்று அவர் வகுத்ததுதான் இன்றுவரை உலகம் பூரா இன்ஷூரன்ஸ் சட்டத்தின் அஸ்திவாரம். கம்பெனிக்காரர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் கேஸ். ஆனால், அந்தக் கேஸில் ஜெயித்தது கம்பெனிப் பக்கம் அல்ல, கார்ட்டர்! எழுதியவரே விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும், பிரீமியத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டு இப்போது ‘சொல்லவில்லை’ என்று தப்பிக்கக் கூடாது என்றார் நீதிபதி. நம்பிக்கை இரண்டு பக்கமும் இருக்க வேண்டும் என்று அர்த்தம். இந்தப் பாதியைத்தான் எல்லோரும் வசதியாக மறந்துபோனார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1939-ல் வந்தது. கட்டாய இன்ஷூரன்ஸ் 1946 ஜூலை முதல் அமலானது. எதற்குக் கட்டாயம்? உங்கள் வண்டி இடித்து அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு. உங்கள் காரே களவு போவது உங்கள் சொந்தக் கவலை. அதற்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான். பணத்தை மிச்சம் பிடிக்க ‘தேர்டு பார்ட்டி’ மட்டும் போட்டுவிட்டு, திருட்டுப் போன அன்றைக்குத்தான் அதைக் கண்டுபிடிப்பவர்கள் நம்மில் ஏராளம்.

1973 ஜனவரியில் நாட்டிலிருந்த நூற்றுச் சொச்சம் பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைச் சேர்த்து நான்கே நான்கு அரசுக் கம்பெனிகள் ஆக்கினார்கள். அதில் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகம் சென்னை. பாலிசி வாசகம் நாடு முழுக்க ஒன்றே. கட்டணமும் ஒன்றே. க்ளெய்ம் வந்தால் மட்டும் ஆளுக்கொரு சண்டை. காரணம், அப்போதெல்லாம் காரின் மதிப்பை நீங்களே உத்தேசமாக எழுதுவீர்கள். மூன்று லட்சம் என்று எழுதி அதற்குப் பிரீமியமும் கட்டியிருப்பீர்கள். திருட்டுப் போனதும் கம்பெனி, “அன்றைய மார்க்கெட் விலை ஒண்ணே முக்கால்தான் சார்” என்று ஆரம்பிக்கும். மார்க்கெட் என்றால் எந்த மார்க்கெட்?

இந்தப் பேரத்துக்கு 2002-ல் முற்றுப்புள்ளி வைத்தார்கள். ஐ.டி.வி. என்கிற கணக்கு வந்தது. கம்பெனி விற்பனை விலையிலிருந்து வண்டியின் வயசுக்கேற்பக் கழிவு. ஆறு மாதத்துக்குள் 5 சதவிகிதம், ஒரு வருஷத்துக்குள் 15, இரண்டுக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. ஆறு லட்ச ரூபாய் காருக்கு மூன்றரை வயசில் பாலிசி புதுப்பித்தால் மதிப்பு மூன்று லட்சத்து அறுபதாயிரம். கார் களவு போய்க் கிடைக்காவிட்டால் அந்தத் தொகைதான், கட்டாயக் கழிவு போக. ஷோரூமில் கொடுத்த சாலை வரி, ரிஜிஸ்ட்ரேஷன், ஆசை ஆசையாக மாட்டிய ஸ்டீரியோ எல்லாம் கணக்கில் வராது. ஸ்டீரியோவுக்குத் தனியாக எழுதிக் கட்டியிருந்தால் உண்டு. கடன் பாக்கி இருந்தால் முதல் பங்கு பாங்குக்கு.

தொகைச் சண்டை ஓரளவு ஓய்ந்தது. ‘உடனே’ சண்டை ஓயவில்லை.

1995 ஜனவரி. ஒருவருடைய வண்டி 18-ம் தேதிக்கும் 20-ம் தேதிக்கும் நடுவில் களவு போகிறது. 20-ம் தேதியே போலீஸில் எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது. கம்பெனிக்கு எழுதியது? மே 22. நான்கு மாதம்! கம்பெனி கையை விரித்தது. மனிதர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். 1986-ல் வந்த சட்டத்தால் வக்கீலே இல்லாமல் சாமானியனும் போகக்கூடிய இடம் அது. மாவட்டத்தில் ஜெயித்தார். மாநிலத்தில் ஜெயித்தார். டெல்லியில் தேசியக் கமிஷனிலும் ஜெயித்தார். கம்பெனி விடவில்லை. 2010 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், அத்தனையையும் தள்ளுபடி செய்துவிட்டது. நீ தாமதமாகச் சொன்னதால், விசாரிக்கவும் வண்டியைத் தேடவும் கம்பெனிக்கு இருந்த உரிமை பறிபோயிற்று என்றது. பதினைந்து வருஷம், மூன்று வெற்றி, கடைசியில் பூஜ்யம்.

சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால், போலீஸே தேடிக் கிடைக்காத காரைக் கம்பெனி அதிகாரி எந்தத் தெருவில் போய்த் தேடியிருப்பார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அந்தத் தீர்ப்பு கம்பெனிகளுக்கு அல்வா மாதிரி. நான்கு மாதத்துக்குச் சொன்னதை நான்கு நாளைக்கும் நீட்ட ஆரம்பித்தார்கள். ‘தாமதம், ஆகவே நிராகரிக்கப்படுகிறது’ என்று அச்சடித்த மாதிரி கடிதங்கள். பொறுக்க முடியாமல் 2011 செப்டம்பரில் இன்ஷூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையமே எல்லாக் கம்பெனிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது: தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான க்ளெய்மைத் தள்ளாதீர்கள், தவிர்க்க முடியாத காரணமா என்று பாருங்கள். சுற்றறிக்கை ஃபைலில் ஏறியது. கடிதங்கள் நின்றபாடில்லை.

2017-ல் ஒரு லாரி கேஸ் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. 2010 மார்ச்சில் களவு போன லாரி. மறுநாளே எஃப்.ஐ.ஆர். கம்பெனிக்குச் சொல்ல எட்டு நாள் ஆயிற்று. ஏனய்யா என்றால், வண்டியைத் தேட போலீஸோடு அலைந்துகொண்டிருந்தேன் என்றார் சொந்தக்காரர். நியாயம்தானே? லாரியைப் பறிகொடுத்தவன் முதலில் லாரியைத் தேடுவானா, கம்பெனிக்குக் கடுதாசி எழுதுவானா? கோர்ட்டும் அப்படித்தான் நினைத்தது. இயந்திரத்தனமாக டெக்னிக்கல் காரணம் சொல்லித் தள்ளினால் ஜனங்களுக்கு இன்ஷூரன்ஸ் மேலேயே நம்பிக்கை போய்விடும் என்று எச்சரித்தது.

இப்போது ஒரே கோர்ட்டில் இரண்டு மாதிரித் தீர்ப்பு. கீழே இருக்கிறவர்கள் எதைப் பின்பற்றுவது? கடைசியில் பஞ்சாபைச் சேர்ந்த ஒரு டிராக்டர் வந்து முடிச்சை அவிழ்த்தது. 2010 அக்டோபர் 28-ல் டிராக்டர் திருட்டு. அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். கம்பெனிக்குத் தகவல் போனது டிசம்பர் நடுவில். மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து அந்தப் பொடி எழுத்து நிபந்தனையை வரி வரியாகப் பிரித்துப் படித்தார்கள். விபத்து என்றால் நொறுங்கின வண்டியை சர்வேயர் வந்து பார்க்க வேண்டும், அதனால் கம்பெனிக்கு உடனே சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. திருட்டில் சர்வேயர் எதைப் பார்ப்பார்? வெறும் வாசலையா? அங்கே உடனே ஓட வேண்டியது போலீஸிடம். அதைச் செய்து, போலீஸும் ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்று அறிக்கை கொடுத்து, க்ளெய்மும் நிஜம்தான் என்று சர்வேயர் சொல்லிவிட்டால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் வைத்துப் பணத்தை மறுக்கக் கூடாது. 2020 ஜனவரியில் இந்தத் தீர்ப்பு. 2022-ல் ஐந்து மாதத்துக்கு மேல் தாமதமான இன்னொரு லாரி க்ளெய்முக்கும் இதையே பொருத்தினார்கள்.

கவனியுங்கள், போலீஸுக்குப் போவதையே தள்ளிப்போட்டவருக்கு இதில் கிஞ்சித்தும் சலுகை இல்லை. ‘நம்ம பையன் யாரோதான் எடுத்திருப்பான், ரெண்டு நாள் பார்ப்போம்’ என்று உட்கார்ந்தவர் கதை வேறு. நம் ஊர் ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்டு முதலில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவது வழக்கம். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். கம்பெனி கேட்பது எஃப்.ஐ.ஆர். காப்பி. அதை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. கம்பெனிக்கும் அன்றைக்கே ஒரு போன், ஒரு மெயில். தீர்ப்பு நம் பக்கம் இருக்கிறதே என்று எதற்கு வீண் பரீட்சை?

அடுத்து சாவி. கம்பெனி இரண்டு சாவியையும் கேட்கும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதிகாரி புருவத்தைத் தூக்குவார். சாவியை வண்டியிலேயே விட்டதால் திருட்டுப் போனது, ஆகவே உன் அலட்சியம் என்பது அவர்களுடைய இன்னொரு அஸ்திரம். 2023-ல் அதற்கும் ஒரு லாரி பதில் சொன்னது. விலாசம் கேட்க இறங்கிய டிரைவர் சாவியை விட்டுவிட்டுப் போனார், திரும்பினால் லாரி இல்லை. அலட்சியம் உண்டு, ஆனால் முழுசாக மறுக்குமளவு இல்லை என்று முக்கால் பங்கு, அதாவது 75 சதவிகிதம், கொடுக்கச் சொன்னது சுப்ரீம் கோர்ட். இந்த முக்கால் கணக்குக்கு முன்னோடி, குவாலியர் பக்கம் பறிபோன ஒரு ஸ்கார்ப்பியோ கேஸில் 2008-ல் வந்த தீர்ப்பு. சொந்த உபயோகம் என்று பாலிசி எடுத்துவிட்டு வாடகைக்கு ஓட்டியிருந்தார்கள். நிபந்தனை மீறல்தான். ஆனால், திருட்டுக்கும் அந்த மீறலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு, அதற்கும் 75 கிடைத்தது. ‘நான்-ஸ்டாண்டர்டு’ என்று இதற்குப் பெயர். கம்பெனி பூஜ்யம் என்றால், நீங்கள் இந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள்.

மீதியெல்லாம் பொறுமைப் பரீட்சை. போலீஸின் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ சான்று கைக்கு வர பொதுவாக மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எழுத்தில் தெரிவித்து, வண்டி வேறு பெயருக்கு மாறாமல் தடுக்கச் சொல்ல வேண்டும். பிறகு ஆர்.சி. புக், படிவம் 28, 29, 30, பாங்குக் கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35, முத்திரைத் தாளில் உறுதிமொழி. கையெழுத்துப் போட்டுப் போட்டு விரல் வலிக்கும்.

அத்தனை கையெழுத்தும் எதற்கென்று கேட்கிறீர்களா? பணம் வாங்கிய பிறகு ஒரு நாள் திருடன் மாட்டி, கார் எங்காவது புதருக்குள் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அது இனி உங்கள் கார் இல்லை, கம்பெனியின் கார். உள்ளே சீட்டுக்கு அடியில் கிடக்கும் குடை மட்டும் உங்களுடையது.