மண்ணைப் படிக்கும் சிறார்

திண்டுக்கல் வட்டாரத்தின் தொன்மையைப் பேசுவோர்க்கு மலைக்கோட்டையே முதலில் நினைவில் எழும். நாயக்கர் காலத்து அக்கோட்டையினும் ஈராயிரம் ஆண்டு மூத்த சான்று, பழனியை அடுத்த பொருந்தலில் கிடைத்தது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் அங்கு அகழாய்வு நடத்தினார். ஈமக்குழி ஒன்றில் நெல் நிறைந்த நான்குகால் சாடியும், ‘வய்ர’ எனத் தமிழ்பிராமியில் பொறித்த பிரிமனையும் இருந்தன. நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. இரண்டும் ஒரே குழியில் கிடந்தமையால் எழுத்தின் வயதைக் கணிக்க வழி பிறந்தது. பிரிமனையை மட்டும் எவரேனும் முன்பே எடுத்துச் சென்றிருந்தால், எழுத்து எஞ்சியிருக்கும், காலம் தொலைந்திருக்கும்.

தொல்லியலில் சிறாரை ஈடுபடுத்த விழைவோர் முதலில் உணர்த்த வேண்டியது இதுவே: கிடைத்த பொருளினும் கிடந்த இடம் பெரிது.

சிறார் தரும் செய்தியின் ஆற்றலுக்குக் கீழடி சான்று. 1970களில் அவ்வூர்ப் பள்ளியில் வரலாறு கற்பித்த வி. பாலசுப்பிரமணியம், கிணறு வெட்டியபோது வெளிப்பட்ட பழம்பொருள்களை மாணவர் வழியே அறிந்து தொல்லியல் துறையினர்க்குத் தெரிவித்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின், அவ்வூர்க் குடும்பங்களின் தென்னந்தோப்புகளில் மத்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. இராமநாதபுரம் மாவட்டத் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப்பள்ளியிலோ, ஆசிரியர் வே. இராஜகுரு வழிநடத்திய தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தில் மாணவர் தமிழ்பிராமி படிக்கவும் கல்வெட்டுப் படியெடுக்கவும் பயின்றனர்.

திண்டுக்கல் சமவெளியின் பூர்வீக வீடுகளிலும் இத்தகைய பயிற்சிக்கு இடமுண்டு. சிறார்க்கு மண்வெட்டி வேண்டா; குறிப்பேடும் அளவுநாடாவும் போதும். ஆட்டுக்கல் இருந்த மூலை, குதிரின் இடம், தூர்ந்த கிணறு, சுவரில் மாறும் செங்கல்லின் அளவு ஆகியவற்றை வரைந்து, பாட்டி சொல்லும் பெயர்களை அருகே எழுதலாம். தோட்டத்தில் பானையோடு தென்பட்டால் அதனை அசைக்காது இடத்தைக் குறித்து ஆசிரியரிடம் கூறலாம். மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் விதி.

பழைய வீடுகள் இடிக்கப்படுகின்றன, மேடுகள் மனைகளாகின்றன. இயந்திரம் ஒரு பகலில் அழிப்பதை எந்த அறிஞராலும் மீட்டல் அரிது. அம்மண்ணில் அன்றாடம் நடப்போர் சிறாரே. செய்யுளிலிருந்து பிரித்த சொல் தன் பொருளை இழப்பதைக் கவிஞர் அறிவர். அவ்வறிவை மண்ணின் வழியே இளையோர்க்கு ஊட்டுதல் தமிழ் அமைப்புகளின் கடனாகும்.