எழுத்தில்லாத சுவரொட்டி

சில வருடங்களுக்கு முன்னர், டெங்கு ஒழிப்பு வாரத்தையொட்டி மாணவர்களுக்கு நடந்த சுவரொட்டிப் போட்டியொன்றில் என்னையும் நடுவராகப் போட்டார்கள். சித்திரம் பார்க்க வேறொருவர் இருந்தார். தமிழ் ஆசிரியன் என்பதால் சுலோகத்தையும் எழுத்துப் பிழையையும் பார்ப்பது என் பொறுப்பு. அதற்கு 20 புள்ளி. ஒரு பிள்ளை சிரட்டையொன்றை வரைந்திருந்தான். சிரட்டை நிறைய மழைத்தண்ணீர். அதில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில் மிதந்தது. ஓர் எழுத்தும் இல்லை.

"ஏன் மகன் ஒண்டும் எழுதல்ல?" என்று கேட்டேன்.

"படமே செல்லுதுதானே சேர்."

20க்கு நான் போட்டது பூச்சியம். அவன் மூன்றாமிடத்துக்கும் வரவில்லை. முதலிடம் பெற்ற தாளில் நாலு வரிச் சுலோகம் இருந்தது, பிழையே இல்லாமல்.

அந்தப் பூச்சியம் மனதில் கிடந்து உறுத்தியதால்தான் சுவரொட்டிப் போட்டிகளின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தேடல் போய் நின்ற இடம் போலந்து.

1944 எழுச்சிக்குப் பிறகு ஜேர்மன் படைகள் வார்சோ நகரைத் தெருத்தெருவாக எரித்தும் வெடி வைத்தும் தகர்த்தன. யுத்தம் முடிந்தபோது நகரின் கட்டடங்களில் 80 வீதத்துக்கு மேல் இடிபாடுகள்தாம். ஆனால் 1948இல் வியன்னாவில் நடந்த சர்வதேசச் சுவரொட்டிக் கண்காட்சியில் ஹென்ரிக் தொமஷெவ்ஸ்கி என்ற வார்சோக்காரர் தமது சினிமாச் சுவரொட்டிகளுக்காக ஐந்து முதற்பரிசுகளைப் பெற்றார். அப்போது அங்கே சினிமா அரசாங்கத்தின் கையில். படத்தை விநியோகித்ததும் சுவரொட்டி வரையச் சொன்னதும் அரச நிறுவனமே. ஆகவே டிக்கட் விற்பதற்காக நடிகையின் முகத்தைப் பெரிதாகப் போடவேண்டிய கட்டாயம் ஓவியருக்கு இருக்கவில்லை. பத்திரிகைக்கும் நூலுக்கும் தணிக்கை இறுகியிருந்த நாட்டில், சினிமாச் சுவரொட்டிக்கு மட்டும் இப்படியொரு மூச்சுவிடும் இடம் கிடைத்தது. அதற்காக அந்த ஆட்சியைப் புகழ எனக்கு மனமில்லை, நடந்தது அதுதான்.

1952இல் ததேயுஷ் த்ரெப்கோவ்ஸ்கி வரைந்த சுவரொட்டியில் விழுந்துகொண்டிருக்கும் குண்டின் வடிவம் மட்டும் இருக்கிறது. அந்த வடிவத்துக்குள்ளே இடிந்துபோன ஒரு வீடு தெரிகிறது. கீழே 'நியே' என்று ஒரே சொல். மாணவர்களுக்கு இதைத் தமிழில் சொல்லப்போய் மாட்டிக்கொண்டேன். இல்லை, அல்ல, வேண்டாம், கூடாது என்று நாம் பிரித்துச் சொல்வதையெல்லாம் போலந்து மொழி அந்த ஒரு சொல்லிலேயே அடக்கிவிடுகிறது. நான் 'வேண்டாம்' என்று எழுதினேன். இன்னும் திருப்தியில்லை.

இந்தப் பின்னணியில்தான் 1966இல் வார்சோவில் சர்வதேசச் சுவரொட்டிப் போட்டி தொடங்கியது. இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை நடப்பது. இவ்வகைப் போட்டிகளில் உலகில் மூத்தது. முன்னின்றவர்களில் முக்கியமானவர் யோசெஃப் ம்ரோஷ்சாக். இரண்டு வருடம் கழித்து, 1968இல், வில்லானூவ் அரண்மனை வளவில் சுவரொட்டிக்கென்றே ஒரு நூதனசாலையும் திறந்தார்கள். மழையில் நனைந்து, கிழிந்து, மேலே இன்னொன்று ஒட்டப்பட்டு மறைந்துபோகும் கடதாசிக்கு நூதனசாலை! உலகில் அதுதான் முதலாவது.

முதற்போட்டியில் பரிசு பெற்றவற்றுள் யான் லெனித்சாவின் சுவரொட்டியும் ஒன்று. அல்பான் பெர்க்கின் 'வொட்செக்' என்ற இசை நாடகத்துக்கு வரைந்தது. சிவந்த முகம், அகலத் திறந்த வாய். அந்த அலறல் குளத்தில் கல்லெறிந்தாற்போல் வளையம் வளையமாகப் பரவுகிறது. நாடகத்தின் கதையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

என்னை அதிகம் நிறுத்திவைத்தது வேறொரு போட்டி. 1975இல் இரண்டாம் உலக யுத்தம் முடிந்த 30ஆவது வருடத்தை நினைவுகூர்ந்து அதே வார்சோவில் ஒரு சுவரொட்டிப் போட்டி நடத்தினார்கள். முதற்பரிசு ஷிகெயோ ஃபுகுதா என்ற ஜப்பானியருக்கு. 1932இல் டோக்கியோவில், விளையாட்டுப் பொருள் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய ஊரை அமெரிக்க விமானங்கள் எரித்த 1945இல் அவருக்கு 13 வயது. அவர் வரைந்தது ஒரு பீரங்கிக் குழாயும் ஒரு குண்டும்தான். ஆனால் குண்டின் மூக்கு வெளியே பார்க்கவில்லை. குழாயின் வாயையே பார்க்கிறது. சுட்டவனிடமே திரும்பிப் போகிறது. 'வெற்றி 1945' என்பதுதான் தலைப்பு. போட்டியில் சேர்ந்த பணம் சமாதான நிதிக்குப் போனது.

தோற்ற நாட்டின் பிள்ளை, வென்ற அணியில் நின்றும் சாம்பலாகிப்போன ஒரு நகரத்துக்கு, 'வெற்றி' என்று தலைப்பிட்டு அனுப்புகிறான். அந்த நகரம் அதற்கு முதற்பரிசு கொடுக்கிறது. அந்தத் தலைப்பைத் துணியால் மூடிவிட்டுப் பார்த்தாலும் படம் விளங்கும். நடுவர்களில் யாராவது என்னைப் போல சுலோகத்துக்கு 20 புள்ளியை ஒதுக்கிவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இவ்வருடப் போட்டிக்கான சுற்றுநிருபம் போன கிழமை வந்தது. சுலோகத்துக்கு அதே 20 புள்ளி. அதற்குப் பக்கத்தில் 'எழுத்து இருந்தால் மட்டும்' என்று சேர்க்கும்படி கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.