அநாதைகளின் தந்தையான ஓர் அநாதை

1891 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். ஐக்கிய அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள துறைமுக நகரான சார்ள்ஸ்டனில் கடுங்குளிர். புகையிரத நிலையப் பக்கமாகச் சென்ற கறுப்பினப் போதகர் டானியல் ஜோசப் ஜென்கின்ஸ், நான்கு சிறுவர்கள் குளிரில் ஒடுங்கிக் கிடப்பதைக் கண்டார். பெற்றோரும் இல்லை, போக்கிடமும் இல்லை.

பார்த்தும் பாராமற் செல்ல அவரால் முடியவில்லை. அடிமைத்தளையிற் பிறந்து, இளவயதிலேயே பெற்றோரை இழந்தவர் அவர். ஆதரவற்ற பிள்ளையின் பசி அவருக்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதன்று.

அந்நகரில் அநாதை இல்லம் இல்லாமலில்லை. அமெரிக்காவின் முதலாவது பொது அநாதை இல்லம் 1790 இல் நகரசபையின் பணத்தில் அங்குதான் நிறுவப்பட்டது. ஆனால், வெள்ளையினப் பிள்ளைகளுக்கு மட்டுமே அதன் கதவு திறந்தது. அடிமை முறை 1865 இல் ஒழிக்கப்பட்டிருந்தும் அந்தக் கதவு அசையவில்லை.

ஜென்கின்ஸ் தமது சபையோரின் துணையுடன் அநாதை உதவிச் சங்கமொன்றை அமைத்தார். 1892 இல் அது சட்டபூர்வமாகப் பதிவுபெற்றது. பின்னர், சிறைச்சாலைக்கு அருகில் பிராங்ளின் வீதியிலிருந்த பழைய மாலுமிகள் மருத்துவமனைக் கட்டிடம் அப்பிள்ளைகளின் வீடாயிற்று. நகரசபை கிள்ளிக் கொடுத்த பணமோ யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஆகவே, பழைய வாத்தியங்களை இரந்து பெற்று, ஆசிரியர்களை அமர்த்திச் சிறுவர்களுக்கு இசை கற்பித்தார். இராணுவக் கல்லூரி மாணவர் கழித்துவிட்ட சீருடைகளை அணிந்து தெருமுனைகளில் வாசித்தார்கள் அவர்கள். சேர்ந்த நாணயங்களே அடுப்பை எரித்தன. சிறுவர்கள் அச்சுத்தொழிலும் பயின்றனர். இல்லத்திலிருந்தே ஒரு வாரப் பத்திரிகையும் வெளிவந்தது.

1895 இல் நிதி திரட்ட லண்டன் சென்றபோது, சிறு பிள்ளைகள் தெருவில் வாசிப்பது சட்டவிரோதமென்று பொலிஸார் தடுத்தனர். ஜென்கின்ஸ் நீதிமன்றப் படியேற நேர்ந்தது. தேவாலயங்களின் உதவியே அவர்களை ஊர் சேர்த்தது. ஆனால், அதே இல்லத்தின் வாத்தியக் குழு 1905 இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் பதவியேற்பு ஊர்வலத்திலும், 1909 இல் ஜனாதிபதி டாஃப்டின் ஊர்வலத்திலும் வாசித்தது. 1914 இல் லண்டன் கண்காட்சிக்கு அழைக்கப்பட்டே சென்றது.

ஜாஸ் இசையின் வரலாற்றிலும் இந்த இல்லத்துக்கு இடமுண்டு. டியூக் எலிங்டனின் குழுவில் ட்ரம்பெட் வாசித்த கற் அண்டர்சன், மற்றொரு புகழ்பெற்ற ட்ரம்பெட் கலைஞரான ஜாபோ ஸ்மித் ஆகியோர் இங்கு வளர்ந்தவர்களே. கவுண்ட் பேசியின் குழுவில் ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் கிற்றார் வாசித்த பிரெடி கிறீனும் இக்குழுவோடு இளமையிற் தொடர்புகொண்டிருந்தவர்.

பிள்ளைகளைத் தெருவில் நிறுத்திப் பணம் சேர்த்தார் என்று ஜென்கின்ஸைக் குறைகூறுவது எளிது. சிறுவர் உழைப்பைப் பற்றிய இன்றைய அளவுகோல் கொண்டு நோக்கினால் அதில் நியாயமும் உண்டு. ஆயினும், ஒரே நகரின் ஒருசாரார் பிள்ளைகளுக்குப் பொதுப்பணத்தில் உணவும், மறுசாரார் பிள்ளைகளுக்குக் குழலூதினால் மட்டுமே உணவும் என்ற நிலையை உருவாக்கியவர் அவரல்லர். அந்த அநீதி அகலும்வரை காத்திருந்தால் அந்நால்வரும் குளிரில் மடிந்திருப்பர்.

1937 இல் ஜென்கின்ஸ் காலமானார். அதற்குள் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அவரது கூரையின் கீழ் வளர்ந்திருந்தனர். நகரசபையின் பழைய இல்லம் 1951 இல் மூடப்பட்டது. போதகர் தொடங்கிய பணியோ அவருக்குப் பின்னரும் தொடர்ந்தது.