அம்பாசிடர் டீசலானபோது முள் சொன்ன கணக்கு



குற்றாலத்தில் சாரல் விழுந்து சீசன் களைகட்டினால் தென்காசியில் வாடகை அம்பாசிடர்கள் வரிசைகட்டி நின்ற காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அவற்றில் பல பெட்ரோல் வண்டியாகப் பிறந்து டீசலாக மாறியவை. அந்த மாற்றத்தில் ஸ்பீடாமீட்டர் பட்ட பாட்டைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தழுவி 1958 வாக்கில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசிடரைத் தயாரிக்கத் தொடங்கியது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போனது. வாடகை வண்டிக்காரர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கம்பெனியே 1980 வாக்கில் டீசல் அம்பாசிடர் கொண்டுவந்தது. புது வண்டி வாங்க வழியில்லாதவர்கள் பழைய வண்டியிலேயே டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். (எஞ்சின் மாற்றினால் ஆர்.சி. புத்தகத்திலும் பதிய வேண்டும். அது தனிக்கதை.) டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சின் அளவுக்கு வேகமாகச் சுற்றாது. அதனால் பின் ஆக்ஸிலின் கிரவுன், பினியனையும் சிலர் மாற்றினார்கள். தகராறு அங்கேதான் ஆரம்பித்தது.

காரணம் இதுதான். ஸ்பீடாமீட்டர் கேபிள் சக்கரத்திலிருந்து வரவில்லை, கியர்பாக்ஸின் பின்பக்கத்திலிருந்து வருகிறது. எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் போட்ட விகிதக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பினியனில் 8 பல், கிரவுனில் 39 பல் என்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4.875 சுற்று சுற்றும். 9-க்கு 41 என்று மாற்றினால் 4.556 சுற்றுதான். கேபிளும் அந்த அளவுக்குக் குறைவாகச் சுற்றும். முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 64-ல் ஓடும். பெரிய டயரும் மாட்டிவிட்டால் வித்தியாசம் இன்னும் கூடும். புளியரை எஸ் வளைவில் இறங்குகிறவருக்கு இது விளையாட்டல்ல.

1902-ல் ஜெர்மானியர் ஓட்டோ ஷூல்ட்ஸே காப்புரிமை பெற்ற தத்துவம்தான் அந்த மீட்டருக்குள்ளும் இருந்தது. கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தம் ஓர் உலோகக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கும். மெல்லிய சுருள்வில் அதைத் தடுக்கும். இரண்டும் சமன்படும் இடத்தில் முள் நிற்கும். இதை அறிந்த சிலர் வில்லைத் தளர்த்தி முள்ளை மட்டும் சரிசெய்தார்கள். எனக்கு அது பாதி வேலை. கிலோமீட்டர் எண்கள் காந்தத்தால் ஓடுவதில்லை, கேபிள் சுழற்சியில் பல்சக்கரம் வழியாக நேரடியாக ஓடுகின்றன. முள் சரியாகிவிடும், தூரம் தப்பாகவே இருக்கும். நூறு கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 93-தான் ஏறும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை பேசியவருக்கு மதுரை போய்வந்தாலே இருபது கிலோமீட்டர் நஷ்டம். மாற்றம் எதிர்த்திசையில் நடந்தால் அந்த நஷ்டம் பயணி தலையில்.

விவரமான மெக்கானிக் வேறு மாதிரி செய்வார். சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் ஆரம்பித்துப் பத்துக் கல் தூரம் ஓட்டி, மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்வார். பிறகு கேபிளைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரத்தை மாற்றுவார். அதில் 16 பல் இருந்தால் மேற்சொன்ன விகிதத்துக்கு 14.95 வரும். 15 பல் போட்டால் முள்ளும் சரி, தூரமும் சரி. கேபிள் வேகமாகச் சுற்றப் பல்லைக் கூட்டுவதா, குறைப்பதா? எதிர்விகிதம், ஆகவே குறைக்க வேண்டும். பலர் தடுமாறும் இடம் இது.

இப்போது கேபிளுக்குப் பதில் சென்சார் வந்துவிட்டது. டயர் அளவை மாற்றினால் அதுவும் தப்பாகத்தான் காட்டும். பெரிய டயர் போட்டிருக்கிற தம்பிகள் போன் ஜி.பி.எஸ்ஸோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு, எவ்வளவு வித்தியாசம் வருகிறதென்று கீழே எழுதுங்கள்.