வெளியூர் ஆள் வந்தால் வாசலில் யார் நிற்பது?



மழைக்காலம் நெருங்குகிறது. மொட்டை மாடியில் தண்ணீர் வடியும் குழாய்கள் அடைத்திருக்கின்றனவா, ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று செயற்குழுவினர் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இந்தக் காலாண்டு இதழுக்கு ஏதாவது பழைய வரலாறு எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். நான் படித்தது பி.காம்., பார்த்தது வங்கியில் கிளார்க் வேலை. சரித்திரம் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் என்று நாற்பது வருடம் இந்தப் பக்கத்திலேயே கழித்ததில் சில புயல்களைப் பார்த்திருக்கிறேன். புயலுக்குப் பிறகு வெளியூரிலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் உதவிக்கு ஆட்கள் வருகிறார்களே, அந்த ஏற்பாடு எப்படி உருவானது என்று எழுதுகிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் வைத்திருக்கிறேன்.

முதலில் நம் வாசலில் நடந்ததையே சொல்லிவிடுகிறேன். 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மூன்று மாவட்டங்களிலும் மரங்களும் மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. உள்ளூர் மின்வாரிய ஆட்கள் மட்டும் போதாது என்று மற்ற மாவட்டங்களிலிருந்து பணியாளர்களை வரவழைத்தார்கள். ஐந்தாம் நாள் மாலை, கம்பங்கள் ஏற்றிய ஒரு லாரி நம் கேட் முன்னால் வந்து நின்றது. எட்டுப் பேர் இறங்கினார்கள். பேச்சிலேயே தென்மாவட்டத்துக்காரர்கள் என்று தெரிந்தது. "ஐயா, டிரான்ஸ்பார்மர் எங்கிட்டு இருக்கு? லைன் எந்தப் பக்கமிருந்து வருது? உள்ளே எத்தனை ஜெனரேட்டர் ஓடுது?" என்று அவர்களில் மூத்தவர் கேட்டார்.

செக்யூரிட்டி வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தமிழும் தெரியாது. அப்போதைய செயலாளர் ஊரில் இல்லை. நாங்கள் நாலைந்து பேர் கீழே இறங்கி வந்து, ஆளுக்கொரு பதில் சொன்னோம். பி பிளாக்கில் ஒருவர் தனியாக ஜெனரேட்டர் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அது சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வழியாக இணைக்கப்பட்டிருக்கிறதா, இல்லை நேராக வீட்டு லைனில் செருகியிருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. நேராகச் செருகியிருந்தால் அந்த மின்சாரம் பின்னோக்கி வெளி லைனுக்குப் போகும். செத்த லைன் என்று நினைத்துக் கம்பத்தில் ஏறுகிறவர் உயிருக்கே ஆபத்து. அவர் கேட்டது அதற்காகத்தான். அந்த நேரத்தில் எங்களில் ஒருவர், "அஞ்சு நாளா எங்கே போனீங்க?" என்று சத்தம் போட்டார். அவர்கள் ஒன்றும் பதில் பேசவில்லை.

ஒரு இளைஞர் என்னிடம் வந்து, "சார், ரெண்டாயிரம் நோட்டுக்குச் சில்லறை கிடைக்குமா? டீக்கடையில வாங்க மாட்டேங்கிறாங்க" என்றார். பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று நவம்பர் 8ஆம் தேதி அறிவித்து ஒரு மாதம்தான் கடந்திருந்த சமயம். நான் வங்கிக்காரன், என்னிடமே சில்லறை இல்லை. மாடிக்குப் போய் எட்டுப் பேருக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கலாம். அது அன்றைக்குத் தோன்றவில்லை. இன்று வரை உறுத்துகிறது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு லாரி அடுத்த தெருவுக்குப் போனது. அங்கே ஓய்வு பெற்ற வயர்மேன் ஒருவர் டார்ச் லைட்டோடு நின்று வழி காட்டினார். அவர்களுக்கு அன்று இரவே விளக்கு எரிந்தது. நமக்கு மேலும் இரண்டு நாள் ஆனது.

இதில் அந்த எட்டுப் பேர் மேல் குற்றம் சொல்ல எதுவுமில்லை. வங்கியில் வெளியூர் செக் வரும். செக் நல்ல செக்தான், கணக்கில் பணமும் இருக்கும். ஆனாலும் அதை கிளியரிங்குக்கு அனுப்பி, பதிவு போட்டு, உரிய கணக்கில் வரவு வைக்க இந்த ஊரில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால் செக் டிராயரிலேயே கிடக்கும். வெளியூர் உதவியும் அப்படித்தான். இதைக் கற்றுக்கொள்ள நம் நாட்டுக்கே பல வருடம் ஆகியிருக்கிறது.

1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா அருகே ஒரு புயல் கரை கடந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் அப்போது கிடையாது. அது 1997இல்தான் பிறந்தது. கும்மிடிப்பூண்டி அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது, கலெக்டர் அலுவலகமோ காஞ்சிபுரத்தில். கும்மிடிப்பூண்டியிலிருந்து மெட்ராஸைத் தாண்டி அவ்வளவு தூரம் செய்தி போய்ச் சேர வேண்டும். போன் கம்பி அறுந்தால் ஆள்தான் போக வேண்டும். இதற்கென்று தனி மீட்புப் படையும் கிடையாது. தாசில்தார், போலீஸ், தீயணைப்புத் துறை, அதற்கு மேல் போனால் ராணுவம், அவ்வளவுதான். பழவேற்காடு பக்கத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டார்கள்.

பெரிய பாடம் 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவில் வந்தது. அந்தப் பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். வெளியிலிருந்து உதவி அனுப்ப நாடே தயாராக இருந்தும், சாலையெல்லாம் மரம் விழுந்து, தொலைபேசி அறுந்து, எந்தக் கிராமத்துக்கு என்ன தேவை என்று சொல்ல ஆளில்லாமல் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஒடிசா அரசு பேரிடருக்கென்றே தனி ஆணையம் ஒன்றை அமைத்தது. மாநில அளவில் இந்தியாவில் அதுதான் முன்னோடி. பிறகு 2001இல் குஜராத் பூகம்பம், 2004இல் நம் கடற்கரையையும் அடித்த சுனாமி. 2005 டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அடுத்த மாதமே, 2006 ஜனவரியில், தேசிய பேரிடர் மீட்புப் படை உருவானது. தொடக்கத்தில் எட்டு பட்டாலியன்கள், இப்போது பதினாறு. முதல் எட்டில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, அரக்கோணத்தில் இருக்கிறது. அதுதான் நான்காவது பட்டாலியன்.

அந்தச் சட்டம் செய்த முக்கியமான வேலை, யார் யாரைக் கேட்க வேண்டும் என்பதை வரிசைப்படுத்தியது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கலெக்டர்தான் தலைவர். தன் மாவட்ட பலம் போதாது என்றால் அவர் சென்னையில் இருக்கும் வருவாய் நிர்வாக ஆணையருக்குச் சொல்வார். மாநில பலமும் போதாது என்றால் மாநில அரசு மத்திய அரசிடம் படை கேட்கும். ஒரு மீட்புக் குழு என்றால் ஏறத்தாழ 45 பேர். நீச்சல் தெரிந்தவர்கள், பொறியாளர், எலக்ட்ரீஷியன், மருத்துவ உதவியாளர் எல்லாரும் அதில் இருப்பார்கள். ரப்பர் படகும் கட்டர் இயந்திரமும் கையோடு வரும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த ஏற்பாட்டை நாம் கண்ணால் பார்த்தோம். டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அரக்கோணம் பட்டாலியன் மட்டும் போதாமல் வெளிமாநில முகாம்களிலிருந்தும் குழுக்களை விமானத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். சென்னை விமான நிலையம் தண்ணீரில் மூழ்கி மூடிக் கிடந்ததால், அரக்கோணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமான தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் பறந்தன. விசாகப்பட்டினத்திலிருந்து ஐராவத் என்ற கடற்படைக் கப்பல் நிவாரணப் பொருள்களோடு வந்தது.

வந்த வீரர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. மூழ்கிய தெருவில் படகோடு நிற்கிற ஒருவருக்கு, "அந்த மூன்றாவது வீட்டு மாடியில் படுக்கையில் ஒரு பாட்டி இருக்கிறார்" என்று யாராவது இந்தியில் சொல்ல வேண்டும். நம் சிப்காட் பகுதியில் ஒடிசா, பீகாரிலிருந்து வந்து வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர்! இரண்டு மொழியும் தெரிந்த அப்படிப்பட்ட ஒருவர் அந்த நேரத்தில் ஒரு படகுக்குச் சமம். அவர்களை நாம் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தமிழகம் முழுவதிலுமிருந்து மின்வாரிய ஊழியர்கள் போனார்கள். கேரள மின்வாரியத்திலிருந்தும் பணியாளர்கள் வந்து வயலில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். அதே வருடம் ஆகஸ்டில்தான் கேரளம் பெருவெள்ளத்தில் தவித்தது. அந்தக் களைப்பு தீர்வதற்குள் நமக்காக வந்தவர்கள் அவர்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1970இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பெரிய காட்டுத்தீ. பல ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் வந்தன. ஒருவர் வயர்லெஸ் இன்னொருவருடன் பேசவில்லை. ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு பெயர். யார் உத்தரவு போடுவது என்பதிலும் குழப்பம். அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் பொதுவான ஒரு கட்டளை முறையை வகுத்தார்கள். அந்த முறையைத் தழுவி நம் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2010இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் குழு நேராகக் களத்துக்கு ஓடக் கூடாது. குறித்த இடத்தில் வந்து கூட வேண்டும். அங்கே எத்தனை பேர், என்ன சாமான் என்று பதிவு செய்துகொண்டு, தேவையான இடத்துக்கு அனுப்புவார்கள். நம் வங்கி டோக்கன் மாதிரி.

1992இல் புளோரிடாவை ஆண்ட்ரூ என்ற சூறாவளி தாக்கிய பிறகு, அமெரிக்க மாநிலங்கள் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 1996இல் அந்நாட்டு நாடாளுமன்றமும் அதை ஏற்றது. உதவிக்கு வருபவரின் செலவை யார் கொடுப்பது, அவருக்கு அடிபட்டால் இழப்பீடு யார் பொறுப்பு, வெளிமாநில டாக்டரின் உரிமம் இங்கே செல்லுமா என்பதையெல்லாம் புயல் வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். 2005இல் கத்ரீனா சூறாவளி வந்தபோது அந்த உடன்படிக்கையின்படி 65,000 பேருக்கு மேல் மற்ற மாநிலங்களிலிருந்து போனார்கள். அத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் அங்கே குழப்பத்துக்குக் குறைவில்லை. படித்தபோது நம் கேட்டில் நின்ற அந்த எட்டுப் பேர்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.

நமக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. நம் ஆறுகள் பக்கத்து மாநிலத்திலிருந்து வருகின்றன. ஆந்திராவில் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஆரணியாறு ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாக நம் பக்கம் ஓடி வரும். கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் தண்ணீர் கொசஸ்தலையாற்றில் பூண்டிக்கு வரும். எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டினால் அடுத்து ஆரம்பாக்கம், அப்புறம் ஆந்திரா. வெள்ளமும் வெளிமாநிலத்திலிருந்து வரும், உதவியும் அந்த நெடுஞ்சாலையிலேயே வரும். போதாக்குறைக்கு, பக்கத்திலேயே தொழிற்சாலைகள். எந்தத் தெருவில் எது இருக்கிறது என்று வெளியாருக்கு எப்படித் தெரியும்?

இப்போது என் வேண்டுகோள். டெல்லியிலும் சென்னையிலும் சட்டம் போட்டு, படை வைத்து, கலெக்டர் வரைக்கும் வரிசை போட்டுவிட்டார்கள். கலெக்டர் அலுவலகத்திலிருந்து நம் கேட் வரைக்கும் உள்ள கடைசிக் கால் கிலோமீட்டரை வேறு யாரும் வந்து போடமாட்டார்கள்.

ஒரே ஒரு தாள் போதும். டிரான்ஸ்பார்மர் எங்கே, லைன் எந்தத் திசையிலிருந்து வருகிறது, மோட்டார் ரூம் சாவி யாரிடம், எந்த வீடுகளில் தனி ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ இருக்கிறது, அவை முறையாக இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று அதில் இருக்க வேண்டும். படுக்கையில் இருப்பவர்கள், ஆக்சிஜன், டயாலிசிஸ் தேவைப்படுபவர்கள் இருக்கும் வீட்டு எண்களை அவர்கள் சம்மதத்துடன் தனியாக எழுதிச் செயலாளரிடம் வைக்கலாம். இந்தி, தெலுங்கு, மலையாளம், ஒடியா பேசத் தெரிந்தவர்கள் யார் யார் என்பதும் வேண்டும். நம் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஆட்களின் பெயரும் அந்தப் பட்டியலில் வரட்டும். வாட்ஸ்அப்பில் மட்டும் வைத்தால் போதாது, டவர் விழுந்தால் அதுவும் போய்விடும். அச்சடித்து பிளாஸ்டிக் உறையில் போட்டு கேட்டில் தொங்கவிடுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077 என்ற எண்களும் அதிலேயே இருக்கட்டும்.

அதோடு, வருகிறவர்களை எதிர்கொள்ள ஒருவர், அவர் இல்லாவிட்டால் இன்னொருவர் என்று இரண்டு பேரைப் பொதுக்குழுவில் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் நின்றால் போதும், ஆளுக்கொரு பதில் சொல்ல வேண்டாம். நம் கம்யூனிட்டி ஹாலில் பத்துப் பேர் படுக்க இடம் இருக்கிறது. கேஸ் அடுப்பும் பெரிய பாத்திரமும் இருக்கின்றன. ஒரு குழு வந்தால் இரண்டு வேளைச் சாப்பாடு, சூடாக டீ, போன் சார்ஜ் போட ஒரு இடம் என்று முடிவு செய்து வைத்தால், செலவு நம் பராமரிப்புக் கணக்கில் கண்ணுக்கே தெரியாது. இதைச் சொல்வது நாற்பது வருடம் கணக்கு எழுதியவன்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர விரும்புகிறேன். முதல் பெயராக என் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது பெயர் உங்களில் யாராவது கொடுங்கள். எனக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாது. ஆனால் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார முடியும். டார்ச் லைட்டுக்கு பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன்.